எட்டிப் பார்த்துக் கற்ற தொழில்

வெப் டெவலப்பரின் படிப்புக்குப் பட்டமளிப்பு விழா கிடையாது. முப்பது ஆண்டுகளில் அவர் கற்றது எவ்வளவோ, மறக்க வேண்டி வந்ததும் அவ்வளவு. இனி இந்தத் தொழிலுக்கு வருகிறவர் எங்கே, எப்படிக் கற்பார்?

1995 மே மாதம். கலிபோர்னியாவில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிரெண்டன் ஐக் என்ற 33 வயது இளைஞர் ஒரு புதிய கம்ப்யூட்டர் மொழியின் முதல் வடிவத்தைப் பத்தே நாட்களில் எழுதி முடித்தார். அவசரக் கோலம்தான். அடுத்த மாதமே ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர், தமது சொந்த வலைப்பக்கத்தைப் பராமரிக்க எழுதி வைத்திருந்த சில கருவிகளை ஊருக்கெல்லாம் கொடுத்தார். முதலாவது ஜாவாஸ்கிரிப்ட் ஆனது. இரண்டாவது பி.எச்.பி. ஆனது. அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பு தரத் தொடங்கியது. டெலிபோன் கம்பி வழியாக, கிறீச்சிடும் மோடத்துடன், ஆமை வேகத்தில்.

அந்த மூன்று நிகழ்ச்சிகளுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லை. ஆனால் அவை சேர்ந்து இந்தியாவில் ஒரு புதிய தொழிலுக்கு வழி திறந்தன. அந்தத் தொழிலுக்கு அப்போது கல்லூரியில் பாடப் புத்தகம் இல்லை. குரு இல்லை. பரம்பரை இல்லை. இன்று கிட்ஹப் தளத்தின் கணக்குப்படி டெவலப்பர்களின் எண்ணிக்கையில் அமெரிக்காவுக்கு அடுத்த இடம் இந்தியாவுக்குத்தான். இத்தனை பேரும் எப்படிக் கற்றார்கள் என்பது சுவாரசியமான கதை. அடுத்த தலைமுறை எப்படிக் கற்கும் என்பதோ கவலைக்குரிய கேள்வி.

திறந்து கிடந்த பட்டறை

தச்சுப் பட்டறையில் சேரும் பையன் முதல் சில மாதங்கள் உளியைத் தொடுவதில்லை. பெரியவர் இழைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். வெப் தொழிலிலும் அதுவே நடந்தது. ஒரே வித்தியாசம்: இங்கே பட்டறை உலகம் முழுக்கத் திறந்து கிடந்தது.

பிரவுசரில் 'வியூ சோர்ஸ்' என்றொரு வசதி உண்டு. அதை அழுத்தினால் எதிரே தெரியும் பக்கம் எந்தக் குறியீடுகளால் கட்டப்பட்டது என்பதைப் பார்க்கலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கட்டணமும் இல்லை. ஒரு தளத்தின் தலைப்புப் பட்டை பிடித்திருந்தால், அது எப்படிச் செய்யப்பட்டது என்று எட்டிப் பார்த்து, பிரதி எடுத்து, நிறத்தை மாற்றி, உடைத்து, மறுபடி ஒட்டிக் கற்றுக்கொண்டார்கள். வேறெந்தத் தொழிலிலும் இப்படிப் போட்டியாளரின் அடுப்படிக்குள் நுழைந்து பாத்திரத்தைத் திறந்து பார்க்க முடியாது.

இந்தத் தாராளம் தற்செயலாக வந்ததல்ல. ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த யோசனையே விஞ்ஞானிகள் தகவலைப் பகிர்ந்துகொள்ள ஒரு வழி வேண்டும் என்பதுதான். அவர் எழுதிய முதல் பிரவுசரில் பக்கத்தைப் படிக்கவும் முடியும், எழுதவும் முடியும். 1993 ஏப்ரல் 30 அன்று, இந்தத் தொழில்நுட்பத்துக்கு யாரும் எதுவும் கட்டத் தேவையில்லை என்று செர்ன் அறிவித்தது. அந்த முடிவு வேறுவிதமாக இருந்திருந்தால் மதுரையிலோ மீரட்டிலோ ஒரு ப்ரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்த மாணவருக்கு இந்தத் தொழில் கிடைத்திருக்காது.

கட்டணம் கட்டிப் படித்தவர்களும் உண்டு. 1981இல் தொடங்கிய என்.ஐ.ஐ.டி., 1986இல் தொடங்கிய ஆப்டெக் போன்ற பயிற்சி நிறுவனங்களின் பலகைகள் 90களில் மாவட்டத் தலைநகர்கள் தோறும் தொங்கின. கல்லூரி தராத ஒன்றை அவை தந்தன: கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு கம்ப்யூட்டர். ஆனால் வகுப்பில் கற்ற மொழி சான்றிதழின் மை உலர்வதற்குள் பழசாகிவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது.

பழசாகும் படிப்பு

இந்தத் தொழிலின் முதல் பாடமே கசப்பானது. கற்றது நிலைக்காது. 2006இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜெக்வெரி ஒரு காலத்தில் எல்லோரும் தெரிந்திருக்க வேண்டிய கருவி. பிறகு ஆங்குலர் வந்தது. 2013இல் ஃபேஸ்புக் நிறுவனம் ரியாக்டை வெளியிட்டது. வேலைவாய்ப்பு விளம்பரங்களின் பட்டியல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே வந்தது. ஃபிளாஷ் நுட்பத்தில் அசையும் படங்களும் விளையாட்டுகளும் செய்து பெயர் வாங்கியவர்களின் கைத்திறனுக்கு 2020 டிசம்பர் 31 அன்று அடோபி நிறுவனம் விடை கொடுத்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் கோளாறுகளைச் சமாளிப்பதில் ஆண்டுக்கணக்கில் தேர்ச்சி பெற்றவர்கள் உண்டு. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்ட் அதற்கு ஓய்வு கொடுத்தபோது அந்தத் தேர்ச்சியும் ஓய்வு பெற்றது.

40 வயதில் ஒரு டெவலப்பர் தன்னைவிட 18 வயது குறைந்தவருடன் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து புதுப் பாடம் படிக்க வேண்டியிருக்கிறது. வக்கீலுக்கும் டாக்டருக்கும் ஆண்டுகள் கூடக்கூட மதிப்பு கூடும். இங்கே பத்தாண்டு அனுபவம் என்பது சில நேரங்களில் ஓராண்டு அனுபவம் பத்து முறை திரும்ப வந்ததாகவே ஆகிவிடுகிறது. இதில் சோர்ந்து விலகியவர்களும் உண்டு, ஓடி ஓடிக் களைத்தவர்களும் உண்டு.

நிலைத்தவர்கள் யார்? மேலே மிதப்பதையும் அடியில் கிடப்பதையும் பிரித்துப் பார்க்கக் கற்றவர்கள். 1991இல் எச்.டி.எம்.எல். பற்றி பெர்னர்ஸ்-லீ எழுதிய குறிப்பில் இருந்தவை வெறும் 18 குறியீடுகள். தலைப்பு, பத்தி, பட்டியல், இணைப்பு என்று அவற்றில் பல இன்றும் உயிரோடு இருக்கின்றன. உலகின் முதல் வலைத்தளத்தை 2013இல் செர்ன் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தது. இன்றைய கைபேசியிலும் அது தடையின்றித் திறக்கிறது. பிரவுசர் கேட்கிறது, சர்வர் பதில் தருகிறது என்ற அந்த அடிப்படை உரையாடல் மாறவில்லை. அதைப் புரிந்துகொண்டவருக்குப் புதிய கருவி ஒவ்வொன்றும் பழைய நண்பர் புதுச் சட்டையில் வந்ததுபோல. புரியாதவருக்கு ஒவ்வொன்றும் புதிய பரீட்சை.

காலடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2016 மார்ச் மாதம் ஓர் உதாரணம் கிடைத்தது. டெவலப்பர்கள் தங்கள் துண்டு நிரல்களைப் பொதுவில் வைத்துப் பகிரும் என்.பி.எம். என்ற கிடங்கு உண்டு. ஒரு பெயர் யாருக்கு உரியது என்ற தகராறில் மனம் கசந்த அசெர் கோச்சுலு என்ற டெவலப்பர் தான் வைத்திருந்த எல்லாவற்றையும் அங்கிருந்து எடுத்துக்கொண்டு வெளியேறினார். அவற்றில் ஒன்று 'லெஃப்ட்-பேட்'. ஒரு சொல்லின் இடப்பக்கத்தில் இடைவெளியோ எழுத்தோ நிரப்பும் 11 வரி நிரல், அவ்வளவுதான். ஆனால் பெரிய பெரிய மென்பொருள்களும் அதன்மேல் சாய்ந்து நின்றன. அவை கட்டுமான நிலையிலேயே சரிந்தன. சில மணி நேரத்தில் கிடங்கின் நிர்வாகம் அந்த 11 வரிகளைத் திரும்ப வைத்தது. பத்து நிமிடத்தில் தாங்களே எழுதியிருக்கக்கூடிய ஒன்றை இரவல் வாங்கியவர்கள் எத்தனை பேர் என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரிந்தது.

மேடையில் ஒரு மறுபரிசீலனை

தவறு செய்யாத புரோகிராமர் இல்லை. அதை வெளியே சொல்கிறவர்கள்தான் குறைவு. ரயன் டால் அந்தக் குறைவானவர்களில் ஒருவர். கணிதத்தில் டாக்டர் பட்டப் படிப்பைப் பாதியில் விட்டவர். புகைப்படங்கள் ஏற்றும் ஃப்ளிக்கர் தளத்தில், எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று காட்டும் பட்டையைப் பார்த்ததிலிருந்து அவரது சிந்தனை கிளம்பியது. விளைவு: பிரவுசருக்குள் அடைந்து கிடந்த ஜாவாஸ்கிரிப்டை சர்வருக்குக் கொண்டுவந்த நோட்.ஜேஎஸ். 2009இல் பெர்லினில் நடந்த டெவலப்பர் மாநாட்டில் அதை அறிமுகப்படுத்தினார். 2012இல் பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார்.

2018இல் அதே மாநாட்டு மேடைக்கு அவர் திரும்பி வந்தார். வெற்றிக் கதை சொல்லக் கூப்பிட்டால் யாரும் சொல்வார்கள். அவரோ, நோட்.ஜேஎஸ் பற்றித் தான் வருந்தும் பத்து விஷயங்கள் என்று தலைப்பு வைத்துக்கொண்டார். தாமதமாக வரும் விடைகளைக் கையாளும் ஒரு நல்ல வசதியைச் சேர்த்துவிட்டுப் பிறகு அகற்றியது, பாதுகாப்பைப் பற்றி முதலிலேயே போதிய அளவு யோசிக்காதது, துணை நிரல்களை மலைபோல் குவிய விட்டது என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். உலகெங்கும் லட்சக்கணக்கானவர்கள் தினமும் பயன்படுத்தும் ஒன்றைப் பற்றி அதைப் படைத்தவரே பேசிய பேச்சு அது. முடிவில், அந்தத் தவறுகளிலிருந்து கற்றதை வைத்துத் தொடங்கிய புதிய முயற்சியை அறிவித்தார். பெயர்: டெனோ. பழைய பெயரின் எழுத்துகளையே இடம் மாற்றிப் போட்டது.

பயில்கிறவருக்கு அந்தப் பேச்சு எந்தப் பாடப் புத்தகத்துக்கும் குறைந்ததல்ல. நம் நாட்டில் படிப்பு என்றாலே மதிப்பெண், தவறு என்றாலே அவமானம். பதில் தெரியாத மாணவர் தலையைக் குனிந்துகொள்வார். நிரல் எழுதும் தொழிலிலோ தவறுதான் அன்றாடச் சோறு. எழுதும் நேரத்தைவிட எழுதியது ஏன் ஓடவில்லை என்று தேடும் நேரம் அதிகம். கம்ப்யூட்டர் திட்டுவதில்லை, கேலி செய்வதில்லை, அப்பாவிடம் சொல்வதில்லை. எந்த வரியில் இடறியது என்று மட்டும் சொல்கிறது. அந்த வரியை நிதானமாகப் படிக்கக் கற்பதுதான் இந்தத் தொழிலில் முதிர்ச்சியின் முதல் படி.

1999இல் ஆண்ட்ரூ ஹன்ட், டேவிட் தாமஸ் இருவரும் எழுதிய 'தி பிராக்மாட்டிக் புரோகிராமர்' புத்தகத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான வைத்தியம் வருகிறது. மேஜைமேல் ஒரு ரப்பர் வாத்தை வைத்து, எழுதிய நிரலை வரி வரியாக அதற்கு விளக்க வேண்டும். பாதி விளக்கும்போதே தவறு பிடிபட்டுவிடும். வாத்து எதுவும் சொல்வதில்லை. புரிந்துவிட்டது என்று நினைப்பது வேறு, இன்னொருவருக்குச் சொல்லும் அளவுக்குப் புரிவது வேறு என்பதுதான் இதன் சூட்சுமம். திண்ணையில் உட்கார்ந்து தம்பிக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த அக்காக்களுக்கு இது எப்போதோ தெரியும்.

இங்கிலீஷ் என்ற வாசற்படி

நிரல் மொழிகளின் சொற்கள் இங்கிலீஷில்தான் இருக்கின்றன. ஆனால் தாய்மொழியில் படித்துவிட்டு வருகிறவரை மிரட்டுவது அவையல்ல. ஜாவாஸ்கிரிப்டில் அப்படிப்பட்ட சொற்கள் சில டஜன்கள்தான். ஒரு வாரத்தில் பழகிவிடும். தடுப்பது சுற்றியிருக்கும் உலகம்: விளக்கக் குறிப்புகள், கேள்வி பதில்கள், கடைசியில் இன்டர்வியூ. 2008இல் தொடங்கிய ஸ்டேக் ஓவர்ஃபுளோ தளத்தில் உலகத்தின் சந்தேகங்களுக்கெல்லாம் விடை இருந்தது. ஆனால் சந்தேகத்தை இங்கிலீஷில் பிழையின்றிக் கேட்க வேண்டும். ஏற்கனவே கேட்ட கேள்வி என்று கதவைச் சாத்தினால் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும்.

இதைத் தாண்ட வழிகளும் பிறந்தன. மும்பை ஐ.ஐ.டி.யில் கெமிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா தலைமையில் வளர்ந்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் ஓர் எளிய யோசனையைப் பிடித்தது. திரையில் தெரிவது இங்கிலீஷ் நிரல், காதில் விழும் விளக்கம் தமிழிலோ மராத்தியிலோ அசாமியிலோ. சென்னையில் சோஹோ நிறுவனம் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில், விரல்விட்டு எண்ணக்கூடிய மாணவர்களை வைத்து ஒரு பள்ளி தொடங்கியது. பிளஸ் டூவோ டிப்ளமோவோ முடித்தவர்களைச் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகையும் கொடுத்து நிரல் எழுதக் கற்றுத் தருகிறது. அதில் படித்தவர்கள் அதே நிறுவனத்தில் பொறியாளர்களாக இருக்கிறார்கள், பட்டம் இல்லாமலே. அமெரிக்காவில் முப்பது வயதைத் தாண்டிய பிறகு கோடிங் கற்ற குவின்சி லார்சன் 2014இல் தொடங்கிய ஃபிரீகோட்கேம்ப் இன்றும் முழுப் பாடத்தையும் இலவசமாகத் தருகிறது.

தாய்மொழி அறிவு வெறும் ஊன்றுகோல் மட்டுமல்ல, சில இடங்களில் அதுவே கருவி. 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டுப் பாருங்கள். 5 என்று சொல்லும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை 3 என்று சொல்லும். பிள்ளை சொல்வதுதான் சரி. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று யூனிகோடில் உள்ள துண்டுகளை எண்ணுகிறது இயந்திரம். உயிர்மெய் என்ற இலக்கணம் அதற்குத் தெரியாது. பெயரைப் பத்து எழுத்துக்குள் எழுதச் சொல்லும் ஒரு படிவத்தில் கிருஷ்ணமூர்த்தி தன் பெயரை நிரப்பினால், எட்டே எழுத்துள்ள அந்தப் பெயரை அது 15 என்று எண்ணி, 'கிருஷ்ணமூர' என்று வெட்டிவிடும். இந்தக் கோளாறை நிரல் மட்டும் படித்தவர் கவனிக்க மாட்டார். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு முதல் பார்வையிலேயே தெரியும். எழுத்துகளைச் சரியாகப் பிரித்து எண்ணும் ஒரு வசதி ஜாவாஸ்கிரிப்டில் உண்டு. அது முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றுக்கும் வந்து சேர்ந்ததே 2024இல்தான்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கும் டெவலப்பர்களுக்கும் ஒரு பொருத்தம் உண்டு. இருவருமே எழுதுவதைவிடப் படிப்பது அதிகம். மூலத்தைச் சரியாகப் படிக்காதவர் நல்ல மொழிபெயர்ப்பாளர் ஆக முடியாது. அடுத்தவர் எழுதிய நிரலைப் பொறுமையாகப் படிக்காதவர் நல்ல டெவலப்பர் ஆக முடியாது. ஒரு மாறிக்கு என்ன பெயர் வைப்பது என்று அரை நாள் யோசிக்கும் டெவலப்பரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், ஒரு கலைச்சொல்லுக்காக அகராதிகளைப் புரட்டியவராக இருக்க முடியாது.

உதவியாளர் வந்த பிறகு

இத்தனை நாளும் கற்பதற்குக் காலம் பிடித்தது. இப்போது கற்காமலே செய்து முடிக்கலாம் என்ற நிலை. 2021இல் கிட்ஹப் கோபைலட் அறிமுகமானது. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி வந்தது. என்ன வேண்டும் என்று பேச்சு மொழியில் சொன்னால் போதும், நிரல் தயார். எழுதப்பட்ட நிரலை அதிகம் கவனிக்காமல் இயந்திரத்தின் போக்கில் விட்டுச் செய்வதற்கு 2025 பிப்ரவரியில் ஆந்த்ரே கர்பாத்தி 'வைப் கோடிங்' என்று பெயர் சூட்டினார். அந்த ஆண்டின் சொல்லாகக் காலின்ஸ் அகராதி அதையே தேர்ந்தெடுத்தது. ஸ்டேக் ஓவர்ஃபுளோவில் வரும் கேள்விகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. கேட்பவர்கள் இயந்திரத்திடமே கேட்டுக்கொள்கிறார்கள்.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல முடியாது. கேள்வியைத் தமிழில் கேட்கலாம். எத்தனை முறை கேட்டாலும் சலிக்காத ஆசிரியர் கிடைத்திருக்கிறார். இங்கிலீஷ் என்ற வாசற்படியின் உயரம் குறைந்திருக்கிறது.

ஆனால் வேறொரு சிக்கல் இருக்கிறது. புதிதாக வேலைக்குச் சேருபவருக்கு முதலில் என்ன வேலை கொடுப்பார்கள்? ஒரு படிவத்தைச் சரிசெய், ஒரு பொத்தானை நகர்த்து, ஒரு சின்னப் பிழையைத் தேடிப் பிடி. அந்தச் சில்லறை வேலைகளில்தான் பிழை எங்கே ஒளியும் என்பது கைக்குப் பழகியது. நாலு வருடத்தில் பெரிய வேலையை நம்பி ஒப்படைக்கும் அளவுக்கு ஆள் தேறியதும் அங்கேதான். இயந்திரம் இப்போது முதலில் எடுத்துக்கொண்டிருப்பது அந்தச் சில்லறை வேலைகளைத்தான். ஏணியின் உச்சிப் படி பத்திரமாக இருக்கிறது, கீழ்ப்படிகள் ஆடுகின்றன. ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து லட்சக்கணக்கில் பொறியாளர்கள் வெளிவரும் ஒரு நாட்டுக்கு இது சிறிய விஷயமல்ல.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. 'வியூ சோர்ஸ்' அழுத்திப் பார்த்தால் முன்போல எதுவும் புரிவதில்லை. வேகத்துக்காக நிரல்களைச் சுருக்கி, இடைவெளி நீக்கி, ஒரே கட்டாகக் கட்டிவிடுகிறார்கள். பட்டறையின் ஜன்னல்கள் பல இன்று மூடிக் கிடக்கின்றன.

எல்லாம் மூடிவிடவில்லை. மூல நிரலைப் பொதுவில் வைக்கும் ஓபன் சோர்ஸ் திட்டங்கள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. அங்கே யாரும் உள்ளே போய்ப் படிக்கலாம், ஒரு பிழையைத் திருத்தி அனுப்பலாம். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படித்து, இந்த வரி ஏன் இப்படி என்று கேட்பார். பதில் சொல்ல வேண்டும். மாணவர் ஆளாவது அந்தப் பதிலில்தான். பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதாவின் தொழில்நுட்பத் தலைவர் கைலாஷ் நாத் 2010இல் பொழுதுபோக்காகத் தொடங்கிய ஓளம் என்ற மலையாள அகராதி, மொழி மீதுள்ள ஆசையும் நிரல் அறிவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நல்ல சான்று. யாரும் கேட்டு அவர் செய்ததல்ல. வேலைக்கான விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளச் செய்ததும் அல்ல.

ஆகவே, இன்று இந்தத் தொழிலுக்குள் நுழைய விரும்பும் தம்பி தங்கைகளுக்கு முப்பது ஆண்டு அனுபவம் சொல்லும் யோசனை பழையதுதான். எந்தக் கருவி இந்த வருடம் விலைபோகிறது என்று ஓடுவதற்கு முன், பிரவுசரில் முகவரியைத் தட்டியது முதல் பக்கம் திரையில் விரியும் வரை என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள். இயந்திரம் எழுதிக் கொடுக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று உங்களால் சொல்ல முடியுமா என்று பாருங்கள். ஒரு சின்னத் திட்டத்தையாவது யார் உதவியும் இல்லாமல் தொடங்கி, திணறி, முடித்துப் பாருங்கள். திணறிய மணி நேரங்கள் வீணல்ல, அவைதான் படிப்பு.

பத்து நாளில் எழுதப்பட்ட மொழியின் குறைகளைச் சரிசெய்து முடிக்க முப்பது ஆண்டு போதவில்லை. ஜாவாஸ்கிரிப்டின் புதிய பதிப்பு ஆண்டுக்கு ஒன்றாக இன்றும் வந்துகொண்டிருக்கிறது. அந்த மொழியே இன்னும் படித்துக்கொண்டிருக்கிறது. அதைக் கற்கிறவர் மட்டும் படித்து முடித்துவிட்டதாக நினைக்க முடியுமா?